புது வரிசையில் பன்னிரண்டு பேர்

எங்கள் ஊர் மையவாடியில் ஆணை அடக்கினால் தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல் நடுவோம். பெண்ணை அடக்கினால் நடுவில் இன்னொன்று சேர்த்து மூன்று. மீசான் கல் என்று பெயர். எல்லாம் கடலோரத்தில் கிடைக்கிற கல்தான், உளி படாதது. அதில் பெயர் எழுதுவதில்லை, தேதியும் எழுதுவதில்லை. யார் எங்கே அடங்கியிருக்கிறார் என்பது அந்தந்த வீட்டு ஆண்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களுக்குச் சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்பார்கள். குழி வெட்டுகிறவன் நான்.

இந்த வேலை என் தாய்மாமாவிடமிருந்து எனக்கு வந்தது. ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது. குழிக்குள் இறங்கி நிற்கிறவனிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. அதனாலேயே இது எனக்கு ஏற்ற வேலையாக இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு தமிழ் வாத்தியார் ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பி வந்தார். வெளியூர்ப் பள்ளிக்கூடங்களிலேயே காலம் போனவர். வந்ததும் ஊருடைய வரலாற்றை எழுதப் போகிறேன் என்று ஆரம்பித்தார். பள்ளிவாசலுக்கு ஓடு மாற்றியது எப்போது, இலங்கைக்குத் தோணி விட்ட குடும்பங்கள் எவை, மூடிப்போன நல்ல தண்ணீர்க் கிணறுகள் எத்தனை என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார். வளைகுடாவில் இருக்கிற பிள்ளைகள் போனிலேயே பழைய போட்டோக்களை அனுப்பினார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான், அவர் என் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிற வரைக்கும்.

"தம்பி, கடைசிப் பாடம் மையவாடி. ஒவ்வொரு கபுருக்கும் நம்பர் போட்டு ஒரு வரைபடம். யார் எங்கன இருக்காகன்னு உனக்குத்தான் தெரியும். நீ சொல்லச் சொல்ல நான் எழுதிக்கிறேன்" என்றார்.

சரி சார் என்றேன். அன்று மத்தியானச் சோறு எனக்கு இறங்கவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு நாலு வருடம் முன்பு, சீமைக்கருவேலம் மையவாடியின் வடக்குப் பக்கத்தை மொத்தமாக மூடிவிட்டது. ஜமாத்தில் பேசி, கமுதிப் பக்கத்திலிருந்து ஒரு ஜேசிபி வண்டியை வரவழைத்தார்கள். எதுவரைக்கும் எடுக்கலாம் என்று டிரைவருக்குக் காட்ட என்னைக் கூட நிறுத்தினார்கள். வடக்குச் சுவரை ஒட்டி முள்ளுக்குள் ஒரு வரிசை மறைந்து கிடந்தது. புது வரிசை என்று அதற்குப் பெயர். பெயர்தான் புதுசு, நாற்பது வருடத்துக்கு மேல் பழையது. என் மாமா வெட்டியவை, பன்னிரண்டு கபுர்கள். அதில் ஒன்றுகூட நான் வெட்டியதில்லை.

மத்தியானம் லுஹர் பாங்கு சொன்னதும் தொழப் போனேன். நான் வரும்வரை நிறுத்தி வையுங்கள் என்று டிரைவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் உயரத்தில் உட்கார்ந்திருந்தார், எஞ்சின் சத்தம் பலமாக இருந்தது. கத்திச் சொல்ல வேண்டும். எனக்குக் கத்த வராது. ஒரு தொழுகை நேரம்தானே என்று போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது புது வரிசை இல்லை. முள்ளோடு முள்ளாகக் கற்களும் ஒரு குவியலாகக் கிடந்தன. மேல் மண்ணை ஒரு சாண் அளவுக்கு வழித்திருந்தது. அதற்குக் கீழே போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். டிரைவர் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, முள்ளுக்குள்ள கெடந்துச்சுண்ணே. கரைக் கல்லுன்னு நெனச்சுட்டேன். சாமி சத்தியமா தெரியாதுண்ணே. ஆளக் கூப்பிட்டுறாதீக."

அவருக்கு என்னைப் பார்த்துப் பயம். எனக்கு ஊரை நினைத்துப் பயம். போங்க என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். சாயங்கால அசர் தொழுகைக்குள் முடித்துவிட வேண்டும் என்று நானே ஒவ்வொரு கல்லாக எடுத்து நட்டேன்.

நான் கபுர்களைக் கல்லை வைத்து ஞாபகம் வைத்திருப்பதில்லை. வந்து நிற்கிற ஆட்களை வைத்துத்தான் ஞாபகம். முள் மூடுவதற்கு முன்பு இந்த இடத்தில் பச்சைச் சட்டைக்காரர் நிற்பார், இது அவருடைய வாப்பா. இங்கே அண்ணன் தம்பி இரண்டு பேர் நிற்பார்கள், இது அவர்களுடைய உம்மா. இப்படி மனசுக்குள் ஆட்களை நிறுத்தி, அவர்கள் காலடியில் கல்லை நட்டேன். எங்கிருந்து தொடங்குவது என்பதே ஊகம்தான். மேற்குச் சுவரிலிருந்து காலால் எட்டு வைத்து அளந்து பார்த்துக்கொண்டேன். பன்னிரண்டும் முடிந்தது. ஒரு கல் மிச்சம் இருந்தது.

வண்டி இடித்து ஒரு கல் இரண்டாக உடைந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உடைந்த முகம் எந்தப் பக்கமும் இல்லை. அசர் பாங்கு கேட்டது. தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் சேற்றில் போட்டுவிட்டேன். அடக்கம் முடிந்து கால் கழுவுகிறவர்கள் அதன் மேல்தான் நிற்பார்கள். நல்ல தட்டையான கல்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. முள் போய் இடம் வெளிச்சமாகிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள்.

வாத்தியாரும் நானும் தினமும் அசருக்குப் பிறகு மையவாடிக்குப் போனோம். அவர் டேப்பைப் பிடிப்பார், கட்டம் போட்ட தாளில் கோடு போடுவார். நான் சொல்வேன். ஒரு ஆளோடு மட்டும் என்றால் எனக்குப் பேச்சு வரும். தெற்கு மூலையில் யாருக்கும் ஒதுக்காத ஒரு நல்ல இடத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கு இங்கன குறிச்சிருவமா?" என்றார்.

"எனக்கு யார் சார் வெட்டுவா?"

"அதான, அத நான் யோசிக்கல. அப்ப நீ இருந்துட்டுத்தான் போகணும்."

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வடக்குச் சுவர் பக்கம் அவர் திரும்பும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்வேன். இன்றைக்கு வேண்டாம் சார், அங்கே பாம்பு இருக்கிறது என்றேன் ஒருநாள். இன்னொரு நாள் எனக்குக் காய்ச்சல் என்றேன். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவரே ஒரு கம்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார்.

அவர் கையில் ஒரு பழைய நோட்டு இருந்தது. முன்பு பாங்கு சொல்லிக்கொண்டிருந்த மோதினார் அரபுத்தமிழில், அரபு எழுத்தில் தமிழாக, எழுதி வைத்தது. மதரசா அலமாரியில், பழைய பாய்களுக்கு அடியில் கிடைத்ததாம். மௌத்தானவர் பெயர், எந்த வீடு, எந்த வரிசையில் எத்தனையாவது என்றெல்லாம் எழுதியிருந்தது. அப்படி ஒரு நோட்டு இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வாத்தியார் மேற்கிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தார். நோட்டைப் பார்ப்பார், கல்லைப் பார்ப்பார். முதலாவது ஆண், சரி. இரண்டாவது பெண், சரி. ஆறாவது பெண், சரி. ஏழாவதில் நின்றுவிட்டார்.

"நோட்டுல பொம்பளன்னு போட்டுருக்கு. இங்கன ரெண்டு கல்லுதான இருக்கு?"

அவர் கடைசிவரை போய்ப் பார்த்தார். மற்ற எல்லாம் ஒத்துப்போனது. திரும்பி வந்து ஏழாவதின் முன்னால் குத்தவைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"ஏழாவது, இன்னாருடைய மனைவி, பேறுகாலத்தில் மௌத்து. ஆம்பளப் பிள்ள கெடையாது போல... தம்பி, நோட்டுல கை தப்பியிருக்கும். எழுதுனவருக்கு வயசாகிப்போச்சு. கல்லு எங்கன போகப்போகுது?"

அப்போது சொல்லியிருக்கலாம். நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். வாயைத் திறந்தேன். "வெயிலு சார்" என்று வந்தது.

இன்னாருடைய மனைவி யார் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் தெரு முனையில் காலையில் இடியாப்பம் அவித்து விற்கிற லாத்தாவின் உம்மா. அக்காவை நாங்கள் லாத்தா என்போம். லாத்தா சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே உம்மா மௌத்தாகிவிட்டார். வாப்பா இலங்கைக்குப் போனவர் திரும்பவில்லை. கூடப் பிறந்த ஆண் யாருமில்லை. எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குள் வருவதில்லை. அதனால் அந்தக் கபுருக்கு முன்னால் நாற்பது வருடமாக யாரும் வந்து நின்றதில்லை. நான் மனசுக்குள் ஆட்களை நிறுத்திக் கல் நட்டபோது அந்த இடத்தில் நிறுத்துவதற்கு எனக்கு ஆளே இல்லை. அதனால் இரண்டு கல்லை நட்டு வைத்துவிட்டேன்.

வாத்தியார் நேர்மையான மனிதர். புத்தகம் அச்சுக்குப் போகும் முன்னால் ஒவ்வொரு வீட்டிலும் போய்ப் படித்துக் காட்டினார். லாத்தா வீட்டிலும் போய், உங்கள் உம்மா புது வரிசையில் இல்லை, எங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லை, ஒருவேளை பழைய கடற்கரைக் குழியாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். கடற்கரைக் குழி என்பது ஊருக்குக் கிழக்கே, கொள்ளை நோய்க் காலத்தில் அவசரமாகப் பலரை அடக்கிய இடம். கடல் அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது.

மறுநாள் காலையில் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு நான் போனபோது லாத்தா என்னைப் பார்த்ததும் அடுப்பிலிருந்து எழுந்தார்.

"தம்பி, நீதான அங்கன எல்லாம் பாக்குற. எங்க உம்மாவ நெசமாவே அந்த வரிசையில வைக்கலியா? எங்க மாமா எங்கிட்ட கையப் பிடிச்சுச் சொன்னாரு, சொவத்து ஓரமா வச்சுருக்கோம் பிள்ள, நிழலா இருக்குன்னு. அவரும் மறுவருசமே மௌத்தாயிட்டாரு."

"வாத்தியார் பாத்துட்டாரு லாத்தா" என்றேன்.

"வாத்தியார் நேத்து வந்தவரு. உங்க மாமாதான குழி வெட்டுனது? அவரு உங்கிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

"ஞாபகம் இல்ல லாத்தா."

இடியாப்பத்தை வாங்கிக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் தேங்காய்ப் பாலை வாங்காமல் வந்திருக்கிறேன். என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன். நாலு வருடத்துக்கு மேல் சேர்த்து வைத்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவள் கதவைச் சாத்தினாள். "வெளிய சொல்லிறாதீக. ஒரு கல்லு மாறிப்போச்சுன்னு சொன்னா பன்னெண்டு வீடும் வந்து வாசல்ல நிக்கும். எங்க வாப்பா எங்கன, எங்க உம்மா எங்கனன்னு கேட்டா என்ன சொல்லுவீக? தோண்டியா காட்டுவீக?"

அதுதான் எனக்கும் பயம். ஒரு பெண்ணுக்கு அவளுடைய உம்மாவைத் திருப்பிக் கொடுக்கப் போய், பதினோரு வீட்டாரிடமிருந்து அவர்களுடையவர்களைப் பிடுங்கிவிடுவேனோ என்று. நான் நட்டது எல்லாமே சரியாகவும் இருக்கலாம். ஒரு குழி தள்ளியும் இருக்கலாம். மண்ணைத் திறந்து பார்க்க வழியில்லை. இப்படியே நாலைந்து நாள் ஓடியது. எந்த வேலையும் ஓடவில்லை. தொழுகையில் எத்தனை ரக்அத் முடித்தேன் என்பதே தப்பிப்போனது. பள்ளிவாசல் குழாயில் கால் கழுவும்போதுகூட மையவாடிக் குழாயடிதான் ஞாபகம் வந்தது. தெருவில் வாத்தியாரின் சைக்கிள் மணி கேட்டால் உள்ளே போய்விடுவேன்.

பிறகு ஒருநாள் மனைவியே வந்து சொன்னாள். "அந்த லாத்தா ரெண்டு நாளா அடுப்பே பத்த வைக்கலியாம். கொடையப் பிடிச்சுக்கிட்டு கெழக்காம போகுதாம். என்னன்னு போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். கிழக்குக் கடற்கரையில், தாழங்காட்டுக்கு அப்பால், வெறும் மணல். ஒரு மீசான் கல்லாவது அங்கே இருந்திருந்தால் எந்தக் காலத்திலோ அலை அதை உருட்டிக்கொண்டு போயிருக்கும். லாத்தா குடையை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டு, கையை ஏந்தி நின்றார். ஈரமணலுக்கு முன்னால் நின்று தண்ணீரைப் பார்த்து ஓதிக்கொண்டிருந்தார். எந்த இடம் என்று தெரியாததால் கொஞ்சம் நடப்பார், நின்று ஓதுவார், மறுபடியும் நடப்பார்.

நான் அவர் ஓதி முடிக்கும்வரை பின்னால் நின்றேன். அவர் திரும்பியதும், "லாத்தா, உங்க உம்மா இங்கன இல்ல" என்றேன்.

எப்படிச் சொன்னேன் என்று இப்போது முழுதாக ஞாபகமில்லை. மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். வண்டி வந்தது, தொழப் போனது, கல்லை நட்டது, ஆள் நிற்காத இடம் என்று இரண்டு கல்லோடு விட்டது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நாலு வருசமாச்சா?"

"அதுக்கும் மேல ஆச்சு லாத்தா. அஞ்சு வருசம் ஆகப்போகுது."

"அந்தக் கல்ல என்ன செஞ்ச?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். "கொழாயடியில கெடக்கு" என்றேன்.

"கால் கழுவுற எடத்துலயா?"

"ஆமா."

லாத்தா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அழுவார் என்று நினைத்தேன். திட்டுவார் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. குடையை ஊன்றி எழுந்தார்.

"இப்பவே வாத்தியார்ட்ட போ. அந்தப் புஸ்தகத்துல எங்க உம்மாவக் கடல்ல போட்டு எழுதிறப் போறாரு. நான் பின்னால வாரேன். ஓடு."

ஓடினேன். நான் கடைசியாக ஓடியது அன்றைக்குத்தான்.

வாத்தியார் முற்றத்தில் கட்டிலில் உட்கார்ந்து பக்கங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ராமநாதபுரத்து அச்சகத்துக்கு மறுநாள் கொண்டுபோக இருந்தாராம். நான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்ப்பா, ஒன்ன நம்பி ஒரு பொம்பளையவே ஊர விட்டுத் தூக்கிட்டேனேப்பா."

"நான் ஒண்ணும் சொல்லல சார்."

"அதத்தான்டா நானும் சொல்றேன்!"

அவர் என்னை டா போட்டுப் பேசியது அந்த ஒரு தடவைதான். அதற்குள் லாத்தாவும் வந்துவிட்டார். வாசலிலேயே நின்றுகொண்டு, "மொதல்ல அந்தக் கல்ல எடுத்துக் கழுவச் சொல்லுங்க சார். திட்டுறத அப்பறமா வச்சுக்கலாம்" என்றார்.

கல்லை அன்றைக்கே எடுத்துக் கழுவினேன். நடவில்லை. வாத்தியார் விடவில்லை. ஜமாத்துக்குத் தெரியாமல் ஒரு கல்லையும் தொடக்கூடாது, முன்பு தெரியாமல் செய்துதான் இந்த நிலைமை என்றார். ஜமாத் தலைவரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெள்ளிக்கெழம ஜும்மாவுக்கு அப்பறம் நீயே சொல்லிரு" என்றார்.

"நீங்களே சொல்லிருங்களேன்" என்று கெஞ்சினேன்.

"நான் சொன்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக. செஞ்சது நீ. வாயத் தொற. நாங்க பக்கத்துல நிக்கிறோம்."

இடையில் மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளில் ஊரில் யாரும் மௌத்தாகிவிடக் கூடாது என்று துஆ கேட்டேன். குழி வெட்டத் தைரியம் இல்லை. சொல்ல வேண்டியதை ஒரு காகிதத்தில் எழுதினேன். ஐந்தாம் வகுப்பு எழுத்து, எனக்கே படிக்க முடியவில்லை. மனைவி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, "இருக்கட்டும், தொட்டுக்கிட்டாவது பேசுங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து தலைவர் எழுந்து, உட்காருங்கள், ஒரு விஷயம் என்றதும் முன்வரிசையில் நான் எழுந்து நின்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். காகிதத்தைத் தொட்டுக்கொண்டேன். புது வரிசைக் கல்லெல்லாம் நான் பிடுங்கி நட்டது, சரியாக நட்டேனா என்று எனக்குத் தெரியாது, ஒரு கல்லைத் தொலைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். இவ்வளவுதான் சொன்னேன். வண்டிக்காரர் தப்பு என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. காட்ட நின்றவன் நான்தான்.

பச்சைச் சட்டைக்காரர்தான் முதலில் எழுந்தார். அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"அப்ப இத்தன வருசமா நான் யாருக்கு ஓதிக்கிட்டு இருந்தேன்? சொல்லுப்பா. எங்க வாப்பாவுக்கா, வேற எவரு வாப்பாவுக்கா?"

அவருக்குப் பக்கத்தில் இருந்த, எல்லாரும் காக்கா என்று கூப்பிடுகிற வயதானவர் ஒருவர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். "ஒக்காருலே. நீ ஓதுனது போய்ச் சேந்துருக்கும். விலாசம் தப்புன்னு திரும்பி வாரதுக்கு அது என்ன தபாலா?"

யாரோ சிரித்தார்கள். ஆனால் பச்சைச் சட்டைக்காரர் சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அவருடைய வீட்டில் ஒரு மௌத்து நடந்தபோது குழி வெட்ட வேறு ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள். நான் சுவருக்கு வெளியே நின்று துஆ கேட்டுவிட்டு வந்தேன். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. மற்ற வீட்டுக்காரர்களில் சிலர் வந்து, எது எங்களுடையது என்று நீ நினைக்கிறாய் என்று கேட்டார்கள். நோட்டில் இருந்தபடி காட்டினேன். சிலர் வரிசையின் நடுவில் நின்று பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஓதிவிட்டுப் போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தலைவரும் வாத்தியாரும் நிற்க, ஏழாவதில் மூன்றாம் கல்லை நட்டேன். புத்தகத்தில் வாத்தியார் புது வரிசைக்கு நோட்டின் வரிசைப்படி பெயர்களைப் போட்டுவிட்டு, அடியில் ஒரு வரி எழுதினார். இந்தக் கற்கள் ஒருமுறை பெயர்ந்து, பின்னர் நினைவிலிருந்து திரும்ப நடப்பட்டவை என்று. யார் நட்டது என்று எழுதவில்லை. எழுதிக்கொள்ளுங்கள் சார் என்று நானே சொன்னேன். அவர் கேட்கவில்லை.

புத்தகம் வந்த வாரத்தில் லாத்தா எனக்குச் சொல்லியனுப்பினார். மையவாடியின் வடக்குச் சுவருக்கு வெளியே ரோடு போகிறது. சுவர் இடுப்பளவுதான். அங்கே வரச்சொன்னார். அசருக்கு முன்னால் போனேன். லாத்தா புத்தகத்தை அந்தப் பக்கத்திலேயே பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு, ரோட்டோரமாக நின்றார். உள்ளே வரவில்லை. நான் உள்ளே நின்றேன்.

மேற்கிலிருந்து விரலால் எண்ணினார். படத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். ஏழாவதில் விரல் நின்றது. அவருடைய உம்மாவின் இடத்தை அவர் முதல்முதலாகப் பார்த்தது அப்போதுதான். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நெழலு இல்லியே" என்றார்.

"முள்ள எடுத்துட்டோம்ல லாத்தா."

"ம்." பிறகு விரலைக் கொஞ்சம் நகர்த்தி, ஆறாவது பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்து முடித்ததும் வாயில் முக்காட்டை வைத்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"இவுகளா? தம்பி, இவுகளும் எங்க உம்மாவும் பேச மாட்டாக. ஒரு சேவல் தகராறு. இவுக சேவலு எங்க வீட்டு நெல்லக் கொத்துச்சு, எங்க உம்மா கல்ல விட்டு எறிஞ்சுச்சு, சேவலுக்குக் கால் போச்சு. அதுலருந்து தெருவுல எதிரெதிர வந்தாக்கூட மூஞ்சியத் திருப்பிக்கிருவாக. கடைசில பாரு, ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல படுக்க வச்சுட்டாக."

எனக்கும் சிரிப்பு வந்தது. இது வாத்தியார் புத்தகத்தில் இல்லை என்றேன். நானே போய்ச் சொல்கிறேன், அடுத்த பதிப்பில் போடட்டும் என்றார். சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏழாவதுல எங்க உம்மாதான? நல்லாத் தெரியுமா ஒனக்கு?"

"நோட்டுல அப்படித்தான் இருக்கு லாத்தா."

"நோட்டக் கேக்கல. ஒன்னயக் கேக்குறேன்."

ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. ஒரே ஒரு சொல். அவர் நிம்மதியாகப் போயிருப்பார், நானும் போயிருப்பேன்.

"தெரியாது லாத்தா. எட்டு வச்சுத்தான் நட்டேன். இங்கனதான் எங்கயோ."

லாத்தா தலையை ஆட்டினார். கோபமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தை மூடிச் சுவர்மேல் வைத்தார்.

"சரி. நீ கொஞ்சம் அங்கிட்டுப் போ, நான் ஓதணும்."

நான் தெற்குப் பக்கமாக நடந்து போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.